வளைந்த கால்களின் கணக்கு

மில் டைம் ஆபீசில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை நாள் லீவு, யாருக்கு எவ்வளவு பி.எஃப். சேர்ந்திருக்கிறது என்று பேரேட்டில் எழுதியே காலம் போயிற்று. அந்தப் புத்தி ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை. யாருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தாலும், கடைசியில் "சரி, செட்டில்மென்ட் என்ன ஆச்சு?" என்று பார்க்கத் தோன்றுகிறது.

அப்படிப் பார்த்ததில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் கரிஞ்சா.

பீலேயைத் தெரியாதவர் கிடையாது. கரிஞ்சா என்றால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம். எனக்கே 1983 ஜனவரியில்தான் அந்தப் பெயர் தெரிந்தது. மில் மனமகிழ் மன்றத்தில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தபோது, விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலு வரிச் செய்தி: பிரேசிலுக்கு இரண்டு முறை உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த கரிஞ்சா குடியால் இறந்தார், வயது 49. இரண்டு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கு நாலு வரிதானா என்று அன்று தோன்றியது. பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, எங்கள் மில் டீமில் வலது பக்கம் ஆடிய ஓர் அண்ணாச்சியின் முகம்தான் குறுக்கே வந்து நின்றது. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மில் ஊர்ப் பிள்ளை

ரியோ டி ஜெனிரோ நகரத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் பாவ் கிராண்டே என்று ஒரு சின்ன ஊர். ஊர் என்பதைவிட மில் என்று சொல்லலாம். அமெரிக்கா ஃபாப்ரில் என்ற நெசவாலைதான் அங்கே எல்லாம். குடியிருக்க வீடு மில் கொடுத்தது. பந்தாட மைதானமும் மில் தயவு. சங்கு ஊதினால் ஊர் எழுந்திருக்கும், சங்கு ஊதினால் ஊர் அடங்கும். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணை மூடினாலே அந்த ஊர் தெரியும்.

அங்கே 1933 அக்டோபர் 28 அன்று ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் மனுவேல் பிரான்சிஸ்கோ தோஸ் சாண்டோஸ். அப்பா மில்லில் காவல் வேலை பார்த்தவர், நன்றாகக் குடிப்பார். பிள்ளை ரொம்பப் பொடியனாக இருந்ததால் அக்கா வைத்த பட்டப்பெயர் கரிஞ்சா. பழுப்பு நிறத்தில், கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னக் குருவிக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். கடைசி வரை அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோணல். இரண்டு காலும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். வலது கால் உள்பக்கமாக, இடது கால் வெளிப்பக்கமாக. போதாக்குறைக்கு ஒரு கால் மற்றதைவிட ஆறு சென்டிமீட்டர் குட்டை. நிற்கும்போது பார்த்தால், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த இரண்டு மூங்கில் மாதிரி இருக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஒழுங்காக நடந்தாலே பெரிய விஷயம் என்று எந்த டாக்டரும் சொல்லியிருப்பார்.

பதினாலு வயதில் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். வேலையில் அவர் பெரிய சோம்பேறி. பஞ்சு மூட்டை மேல் படுத்துத் தூங்குவாராம். ஒரு முறை வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். ஆனால் மில் டீமுக்கு ஆள் வேண்டுமே! திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். டைம் ஆபீஸ்காரனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பந்து நன்றாக ஆடுகிறவனுக்கு வருகைப் பதிவேட்டில் எப்போதுமே தனிக் கணக்கு உண்டு.

1950இல் பிரேசில் தன் சொந்த மண்ணில், மரக்கானா மைதானத்தில், உலகக் கோப்பையை உருகுவேயிடம் பறிகொடுத்தது. நாடே சாவு வீடு மாதிரி அழுதது. அன்றைக்கு இவர் ரேடியோகூடக் கேட்காமல் மீன் பிடிக்கப் போயிருந்தார் என்பார்கள். ஆட்டம் அவருக்கு ஆட்டம்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் சாயங்காலம் ஆற்றங்கரை, குருவிக் கூண்டு, நண்பர்கள், கொஞ்சம் கரும்புச் சாராயம்.

ஒரே அசைவு

1953இல் யாரோ பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரியோவின் பொட்டாஃபோகோ கிளப்பில் விட்டார்கள். பரீட்சை ஆட்டம். எதிரே நிறுத்தப்பட்டவர் நில்டன் சாண்டோஸ். அந்தக் காலத்தில் உலகிலேயே சிறந்த இடது பக்கத் தடுப்பாளர்களில் ஒருவர், பிரேசில் அணிக்காரர். இந்தக் கோணல் கால் பையன் அவருடைய இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தட்டிவிட்டுத் தாண்டிப் போனான். நில்டன் சாண்டோஸ் கோபப்படவில்லை. "இவனை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கிளப்காரர்களிடம் சொன்னார். இவனை எதிர் அணியில் சந்திப்பதைவிட நம் அணியில் வைத்துக்கொள்வது நிம்மதி என்று அந்தப் பெரிய ஆட்டக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த ஜூலை மாதமே பொன்சுசெஸோ அணிக்கு எதிராக முதல் ஆட்டம். மூன்று கோல்.

அவருடைய வித்தை என்ன? உண்மையில் ஒன்றே ஒன்றுதான். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தடுப்பாளர் முன்னால் அப்படியே நிற்பார். உடம்பை இடப்பக்கம் சாய்ப்பார். எதிராளியும் அந்தப் பக்கம் சாய்வான். அந்த நொடியில் வலப்பக்கம் பந்தோடு பறந்துவிடுவார். அடுத்த முறையும் அதே. அதற்கடுத்த முறையும் அதே. வலப்பக்கம்தான் போகப் போகிறார் என்று மைதானத்தில் டீ விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் தடுக்க முடியாது. ஏனென்றால் நாம் ஒருவன் எந்தப் பக்கம் போகப் போகிறான் என்பதை அவன் காலையும் இடுப்பையும் பார்த்துத்தான் கணிக்கிறோம். இவருடைய கால்கள் பிறந்ததிலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்தவை. அதைப் பார்த்துக் கணிக்கிறவன் ஏமாந்துதான் தீருவான். ஊனம் என்று ஊர் சொன்னதே ஆயுதமாகிவிட்டது.

சில சமயம் ஒருவரைத் தாண்டிப் போவார். போய் நின்று, அவர் திரும்பி வருவதற்காகக் காத்திருந்து, மறுபடியும் தாண்டுவார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காளைச் சண்டையில் கத்துகிற "ஓலே!" என்ற கூச்சல் கால்பந்து மைதானத்துக்கு வந்ததே, 1958இல் மெக்சிகோ நகரில் இவர் ரிவர் பிளேட் அணியின் தடுப்பாளரைப் பாடாய்ப்படுத்திய நாளில்தான் என்று சொல்வார்கள். "மக்களின் மகிழ்ச்சி" என்று பிரேசில் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கோல் போட்டவரைக் கொண்டாடுகிற ஊர் பல உண்டு. சிரிக்க வைத்ததற்காக ஒருவரைக் கொண்டாடியது அங்கேதான்.

123க்கு 38

1958 உலகக் கோப்பை ஸ்வீடனில். பிரேசில் அணியோடு ஒரு மனோதத்துவ நிபுணரும் போனார். ஆட்டக்காரர்களுக்கு எழுத்துப் பரீட்சை வைத்தார். கரிஞ்சா வாங்கிய மதிப்பெண் 123க்கு 38. இவ்வளவு பெரிய போட்டிக்கு இவர் லாயக்கில்லை என்பது முடிவு. 17 வயதுப் பீலேயையும் குழந்தைத்தனம் போகாதவர் என்று எழுதிவிட்டார். போட்டி தொடங்கும் முன்பு இத்தாலியில் ஃபியோரெண்டினா அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில், கோல் கீப்பரையும் தாண்டிய பிறகு காலியான கோலில் பந்தை அடிக்காமல், ஒரு தடுப்பாளர் ஓடி வரும் வரை நின்று அவரையும் ஏமாற்றிவிட்டுப் பந்தை உள்ளே தள்ளினார் கரிஞ்சா. பெரியவர்களுக்குக் கோபம். முதல் இரண்டு ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை.

ஆஸ்திரியாவை 3-0 என்று வென்றார்கள். இங்கிலாந்தோடு கோலே இல்லாமல் டிரா. மூன்றாவது ஆட்டம் சோவியத் யூனியனோடு. "விஞ்ஞானக் கால்பந்து" என்று உலகம் பயந்த அணி. கோலில் லெவ் யாஷின். 1958 ஜூன் 15, கோத்தன்பர்க் மைதானத்தில் உலகக் கோப்பையில் முதல் முறையாகப் பீலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து இறங்கினார்கள்.

ஆட்டம் ஆரம்பித்ததும் பந்து கரிஞ்சாவுக்கு வந்தது. எதிரே வந்தவரை உட்கார வைத்துவிட்டு அடித்தார். பந்து கம்பத்தில் பட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்து பீலே அடித்ததும் கம்பத்தில். மூன்றாவது நிமிடம் வாவா கோல் போட்டார். கால்பந்து வரலாற்றிலேயே சிறந்த மூன்று நிமிடங்கள் அவை என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியல் ஹனோ எழுதினார். பிரேசில் 2-0 என்று வென்றது.

இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் முதலில் கோல் போட்டது. பிறகு இரண்டு முறை கரிஞ்சா வலப்பக்கம் புகுந்து பந்தைக் குறுக்கே அனுப்ப, இரண்டு முறையும் வாவா உள்ளே தள்ளினார். 5-2. பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பை. 38 மார்க் வாங்கியவரின் காலில் இருந்து வந்தது அது.

ஊர் திரும்பியதும் பாவ் கிராண்டேக்கு ஓடினார். பழைய மில் நண்பர்களோடு வெறுங்காலில் பந்தாட்டம், பிறகு சாராயக் கடை. உலகக் கோப்பை வாங்கிய கால் என்று அவருக்கு நினைப்பே இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கரிஞ்சாவைப் பற்றி நூறு வேடிக்கைக் கதைகள் உலவுகின்றன. ஸ்வீடனில் வாங்கிய ரேடியோ ஸ்வீடிஷ் பாஷைதான் பேசும் என்று யாரோ சொன்னதை நம்பி அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார் என்று ஒன்று. உலகக் கோப்பை முடிந்த பிறகு "அடுத்த சுற்று எப்போது?" என்று கேட்டார் என்று ஒன்று. நானும் ஒரு காலத்தில் இவற்றைச் சொல்லிச் சிரித்தவன்தான். பின்னால் ஆராய்ந்தவர்கள், இவற்றில் பல அவருடைய பத்திரிகை நண்பர்கள் கட்டிவிட்டவை என்று காட்டியிருக்கிறார்கள். விவரம் தெரியாத குழந்தை என்று ஒருவரைப் பற்றி ஊர் முழுக்கச் சிரிக்க ஆரம்பித்தால் ஒரு வசதி இருக்கிறது. அவரிடம் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் யாருக்கும் உறுத்தாது.

தனி ஆளாக

1962 உலகக் கோப்பை, சிலி. இரண்டாவது ஆட்டத்திலேயே பீலேக்குத் தசை பிடித்துக்கொண்டது. அதோடு அவர் வெளியே. பாரம் முழுவதும் கரிஞ்சாவின் தோளில்.

கால் இறுதியில் இங்கிலாந்து. 169 சென்டிமீட்டர் உயரக்காரர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். தூரத்திலிருந்து வளைத்து அடித்து இன்னொன்று. நடுவே வாவா போட்ட கோலும் இவர் அடித்த ஃப்ரீ கிக் திரும்பி வந்ததில் பிறந்ததுதான். 3-1. அந்த ஆட்டத்தின் நடுவே ஒரு தெரு நாய் மைதானத்துக்குள் வந்துவிட்டது. கரிஞ்சாவையே ஏமாற்றிவிட்டு ஓடியது அது ஒன்றுதான். இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் மண்டியிட்டுப் பிடித்தார். அவர் சட்டையை நனைத்துவிட்டது. பிறகு சீட்டுக் குலுக்கியதில் அந்த நாய் கரிஞ்சாவுக்கே விழுந்தது. ஊருக்குக் கொண்டுபோய் வளர்த்தார்.

அரை இறுதி, சொந்த மண்ணில் ஆடிய சிலி அணியோடு. கரிஞ்சா இரண்டு கோல். 4-2. ஆட்டம் முழுக்க உதை வாங்கியவர், முடியும் நேரத்தில் ஒருவரைத் திருப்பி உதைத்துவிட்டார். நடுவர் வெளியேற்றினார். வெளியே போகும்போது கூட்டத்திலிருந்து எறிந்தது தலையில் பட்டு ரத்தம். விதிப்படி இறுதி ஆட்டம் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சம்பவத்தைப் பார்த்த லைன்ஸ்மேன் சாட்சி சொல்லாமலே ஊரை விட்டுப் போய்விட்டார். விசாரித்த குழு தடை விதிக்கவில்லை. காய்ச்சலோடு இறுதி ஆட்டத்தில் இறங்கினார். செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வென்று பிரேசில் கோப்பையைத் தக்கவைத்தது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பீலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து இறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே இல்லை.

மூட்டில் ஏறிய ஊசி

இனிமேல்தான் என் பேரேட்டுப் புத்தி விழித்துக்கொள்ளும் இடம்.

பொட்டாஃபோகோவுக்கு அவர் 600க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 240க்கு மேல் கோல். 1957, 1961, 1962 என்று மூன்று முறை ரியோ சாம்பியன் பட்டம். இடைவெளியில் வெளிநாட்டுப் பயணங்கள். ஐரோப்பாவில் ஓர் ஆட்டம், மூன்றாம் நாள் இன்னொரு ஊரில் ஓர் ஆட்டம். கரிஞ்சா இறங்குகிறார் என்பதற்காகவே கூட்டம் வரும். அதற்காகவே கிளப்புக்குக் கூடுதல் தொகை. ஆகவே அவர் இறங்கியாக வேண்டும்.

அந்தக் கோணல் காலில் ஒவ்வொரு முறை சட்டென்று திரும்பும்போதும் மூட்டு தேயும். குருத்தெலும்பு அரைபட்டுப் போயிற்று. மூட்டில் நீர் கோக்கும். ஊசியால் நீரை எடுப்பார்கள், வலி தெரியாமல் இருக்க இன்னோர் ஊசி போடுவார்கள், இறக்கிவிடுவார்கள். வலி என்பது உடம்பு அடிக்கிற சங்கு. அதை அமுக்கிவிட்டு மிஷினை ஓட்டினால் என்ன ஆகும் என்று மில்லில் வேலை பார்த்த எவரும் சொல்வார்கள்.

சரி, வேறு கிளப்புக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. அன்றைய பிரேசிலில் "பாஸே" என்று ஒரு முறை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் உரிமை கிளப்பிடமே இருக்கும். கிளப் விற்றால்தான் போகலாம். சம்பளம் கட்டவில்லை என்று சும்மா இருந்தால், வேறு எங்கும் ஆடவும் முடியாது. அதிலும் கரிஞ்சா, தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறவர். தொகையைக் கிளப் பிறகு நிரப்பிக்கொள்ளும். அந்தப் பாஸே முறைக்கு முடிவு கட்டிய சட்டம் 1998இல் வந்தது. அப்போது விளையாட்டு அமைச்சராக இருந்தவர் பீலே. சட்டத்துக்கே "பீலே சட்டம்" என்றுதான் பெயர். கரிஞ்சா செத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

நம் நாட்டில் 1952இலேயே பி.எஃப். சட்டம் வந்துவிட்டது, 1972இல் கிராஜுவிட்டி சட்டம். மில்லில் பஞ்சு சுமந்தவருக்குக் கடைசியில் ஒரு தொகை உண்டு. உலகக் கோப்பை சுமந்தவருக்குக் கிடைத்தது கைதட்டல். அவர் அந்த மில்லிலேயே ஒழுங்காக வேலை பார்த்திருந்தால், முட்டியாவது மிஞ்சியிருக்கும்.

1966இல் பொட்டாஃபோகோ அவரை கொரிந்தியன்ஸ் கிளப்புக்கு விற்றது. அந்த வருடம் இங்கிலாந்தில் உலகக் கோப்பை. முழங்கால் போன நிலையிலும் தேர்வு செய்து கூட்டிக்கொண்டு போனார்கள். பல்கேரியாவுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டார்; பீலேயும் ஒன்று. இருவரும் சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். அடுத்ததில், பீலே இல்லாமல், ஹங்கேரியிடம் 1-3. பிரேசில் சட்டை போட்டு அவர் தோற்ற ஒரே ஆட்டம் அது. அதுவே அந்தச் சட்டையில் அவருக்குக் கடைசியும்.

குற்றம் யார் மேல்

கிளப்பை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் கணக்கு சரியாகாது. பற்றுப் பக்கத்தில் அவர் பெயரிலும் நிறைய இருக்கிறது.

மில் ஊரிலேயே கல்யாணம் செய்த மனைவி நயீர். எட்டுப் பெண் குழந்தைகள். உலகக் கோப்பை வாங்கிய காலத்திலேயே அவர்கள் வறுமையில்தான் இருந்தார்கள். 1962இல் எல்சா சோரெஸ் என்ற சாம்பா பாடகியோடு பழக்கமாகி, குடும்பத்தை விட்டுப் போனார். ஜீவனாம்ச வழக்கு, பாக்கி, கோர்ட் என்று இழுபட்டார். ஊர் முழுக்க எல்சாவைத்தான் திட்டியது. நல்ல குடும்பஸ்தனைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். உண்மையில் அவர் குடியை நிறுத்தப் போராடியவர் எல்சாதான். சாராயக் கடைகளுக்குப் போய், என் புருஷனுக்கு ஊற்றாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார். நம் தெருக்களில் எத்தனை பெண்கள் இப்படிக் கடைவாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறோம்!

1969இல் கரிஞ்சா ஓட்டிய கார் ஒரு லாரியில் மோதி எல்சாவின் தாயார் இறந்துபோனார். அதன் பிறகு அவர் நிமிரவே இல்லை. கொஞ்ச காலம் இருவரும் இத்தாலியில் இருந்தார்கள். போதையில் எல்சாவை அடிக்கவும் செய்தார். 1977இல் எல்சா பிரிந்துபோனார். "மக்களின் மகிழ்ச்சி" தன் வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சி கொடுக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

1973 டிசம்பர் 19 அன்று மரக்கானாவில் அவருக்காக ஒரு வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்கள். "நன்றி ஆட்டம்" என்று பெயர். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் வந்தார்கள். பீலேயும் ஆடினார். 40 வயதுக் கரிஞ்சா, கனத்த உடம்போடு கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, மைதானத்தைச் சுற்றி வந்து கும்பிட்டார். வசூலில் பிள்ளைகளுக்கு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். செட்டில்மென்ட் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

1980 கார்னிவல் ஊர்வலத்தில் மாங்கேய்ரா சாம்பாக் குழு அவரை அலங்கார வண்டியில் ஏற்றி உட்கார வைத்தது. மருத்துவமனையிலிருந்து வந்த நேரம், மருந்து மயக்கம். ஊரே ஆடிப்பாடும்போது, வண்டி மேல் முகத்தில் ஈயாடாமல், யாரையும் அடையாளம் தெரியாதவர் போல் உட்கார்ந்திருந்தார். டிவியில் பார்த்தவர்கள் அழுதார்கள் என்கிறார்கள். பார்த்துவிட்டு அழுதார்கள், அவ்வளவுதான்.

1983 ஜனவரி 20 அதிகாலையில் ரியோவில் ஓர் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. உடலை மரக்கானா மைதானத்தில் வைத்தார்கள். பொட்டாஃபோகோ கொடி போர்த்தி, தீயணைப்பு வண்டியில் பாவ் கிராண்டே வரை ஊர்வலம். வழி நெடுக ஜனம். பக்கத்துச் சின்ன மயானத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு இடமே இல்லை.

தலைநகர் பிரேசிலியாவில் உள்ள மைதானத்துக்கு அவர் பெயர். 2014 உலகக் கோப்பைக்காக அதை இடித்துக் கட்டினார்கள். உலகிலேயே அதிகச் செலவு பிடித்த மைதானங்களில் அதுவும் ஒன்று. மூன்று வருடம் கழித்து, 2017இல், அந்தச் சின்ன மயானத்தில் கரிஞ்சாவின் எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று நிர்வாகத்துக்கும் தெரியவில்லை, குடும்பத்துக்கும் தெரியவில்லை என்று செய்தி வந்தது. இன்னொரு அடக்கத்துக்கு இடம் வேண்டி எப்போதோ எடுத்து மாற்றியிருக்கிறார்கள். எங்கே வைத்தார்கள் என்று பதிவு இல்லை. பதிவேடு எழுதியே பிழைத்த எனக்கு இந்தச் செய்தியைத் தாங்க முடியவில்லை.

எல்சா சோரெஸ் 2022இல் இறந்தார். அன்றும் தேதி ஜனவரி 20.

அண்ணாச்சி

இப்போது எங்கள் அண்ணாச்சி. பெயர் வேண்டாம். பழைய ஆட்களுக்குத் தெரியும்.

பந்து ஆடுவார் என்பதற்காகவே ரீலிங்கில் பதிலியாக எடுக்கப்பட்டவர். வலது பக்கம் பந்து அவர் காலுக்கு வந்தால் லைன் வீட்டுப் பொம்பளைகள்கூட எழுந்து நிற்பார்கள். ஒரு வருடம் ஒரு டோர்னமெண்டின் இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி, அவர் முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. நாங்கள் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். "ஒரு ஊசிய போட்டுட்டு எறங்கிருங்க அண்ணாச்சி. நீங்க இல்லேன்னா நாளைக்கு மானம் போயிரும்" என்று சொன்னது நான்தான். அவர் சம்சாரம் அடுப்படியில் நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இறங்கினார். ஜெயித்தோம். தோளில் தூக்கிக்கொண்டு மில் வாசல் வரை வந்தோம்.

அதற்கப்புறம் அவரால் முட்டியை மடக்க முடியவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கவும் முடியவில்லை. விபத்துப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறவில்லை. மைதானத்தில் பட்ட அடி வேலையில் பட்ட அடி ஆகாது. பதிலி என்பதால் நாள் கணக்கும் குறைவு, கிராஜுவிட்டிக்குப் போதவில்லை. கணக்கு முடித்து அவருக்குச் சேர வேண்டிய பி.எஃப். தொகையை எழுதியதும் இதே கைதான். சின்னத் தொகை. எண்ணிப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டு, "வாரேன் சார்வாள்" என்று சொல்லிவிட்டுக் காலைச் சாய்த்துச் சாய்த்துப் போனார்.

பிறகு சைக்கிள் கடை வைத்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கூப்பிட்டு, யார் ஜெயித்தார்கள், இப்போது யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று கேட்பார். அந்த ஊசியைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. நானும் பேசவில்லை. பேச வேண்டும் என்று நினைத்து இரண்டு தடவை கடை வரை போய், டயருக்குக் காற்றடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இனிமேல் பேசவும் வழியில்லை. நாலு வருடத்துக்கு முன் போய்விட்டார்.

கரிஞ்சாவுக்கு ஊசி போட்ட டாக்டரையும், வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிய கிளப்காரர்களையும் படிக்கும்போது முதலில் கோபம் வந்தது. பிறகு மரக்கானாவில் "ஓலே" என்று கத்திய அந்த லட்சம் பேரையும் நினைத்துப் பார்த்தேன். அவர்களில் ஒருவனாக நானும் இருந்திருப்பேன்.

அன்று ராத்திரி அண்ணாச்சி வீட்டுக்குப் போன நாலு பேரில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சைக்கிள் கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறான். ஒரு நாள் மூன்று பேருமாகப் போய் வருவோமா?